அம்மை, அக்கி, மரு, மெட்ராஸ் ஐ: வைரஸ் நம் செல்லுக்குள் டி.என்.ஏ.வைப் படியெடுப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். பங்குனி மாதம் எங்கள் தெருவில் அடுத்தடுத்து மூன்று வீட்டு வாசலில் வேப்பிலை ஏறியது. டியூஷனில் ஒரு பெஞ்சே காலி. டி.என்.ஏ. இரட்டிப்பாதல் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. பாடத்தையும் தெருவையும் பிள்ளைகளே முடிச்சுப் போட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம் அவர்களின் பெற்றோர், எதிர்வீட்டு அத்தை, பாண்டிச்சேரியிலிருந்து என் மச்சான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், என்னை அல்ல.

வைரஸுக்கு உயிர் உண்டா, இல்லையா?

பரீட்சையில் "உயிருள்ளவைக்கும் உயிரற்றவைக்கும் இடைப்பட்டது" என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். எனக்கு இந்தக் கேள்வியில் அவ்வளவு ஆர்வம் இல்லை. செல்லுக்கு வெளியே அது ஒரு தூசு, உள்ளே போனால் ஒரு வேலை நடக்கிறது. அந்த வேலைதான் சுவாரசியம்.

அது தன்னைத்தானே படியெடுத்துக்கொள்கிறது என்று சொல்கிறார்களே, சரியா?

பாதிதான் சரி. கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷின், பேப்பர், மை, கரண்ட் எல்லாம் கடைக்காரருடையது. வருகிறவர் கையில் ஒரே ஒரு தாள். நம் செல்தான் கடை, வைரஸ் அந்தத் தாளோடு வருகிறவர்.

டி.என்.ஏ.வைப் படியெடுக்க என்னென்ன வேண்டும்? பார்த்து எழுத ஒரு மூலம் வேண்டும். முறுக்கிக்கிடக்கும் இரண்டு இழைகளைப் பிரித்துவிட ஹெலிகேஸ் வேண்டும். எதிரெழுத்தைக் கோத்துக்கொண்டே போகும் பாலிமரேஸ் வேண்டும். கோப்பதற்கு ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளும் போதுமான அளவில் மிதந்துகொண்டிருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆற்றல் வேண்டும். மூலத்தை மட்டும் வைரஸ் கண்டிப்பாகக் கொண்டுவரும். மற்றவற்றில் எதைத் தானே செய்துகொள்கிறது, எதை நம்மிடம் இரவல் வாங்குகிறது என்பது வைரஸுக்கு வைரஸ் மாறும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் தானாக விளங்கும். எந்த வைரஸுக்கு மாத்திரை இருக்கிறது, எதற்கு இல்லை என்பதுகூட.

எல்லா வைரஸிலும் டி.என்.ஏ. இருக்குமா? டெங்குவில்?

இல்லை. டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா, இன்ஃபுளுயன்சா, வெறிநாய்க்கடி எல்லாம் ஆர்.என்.ஏ. வைரஸ்கள், அதாவது டி.என்.ஏ.வுக்குப் பதில் அதன் உறவான ஆர்.என்.ஏ.வில் எழுதப்பட்டவை. ஐப்பசி மழை முடிந்ததும் கடலூரிலும் புதுச்சேரியிலும் டெங்கு பேச்சு தொடங்கிவிடும். புதுச்சேரியில் 1975-லிருந்து கொசு ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருப்பதால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டெங்கு நன்றாகவே தெரியும். ஆனால் டெங்கு வைரஸின் வாழ்க்கையில் டி.என்.ஏ. எந்தக் கட்டத்திலும் வராது.

"அம்மை" என்ற சொல் இங்கே நம்மை ஏமாற்றும். சின்னம்மையும் பெரியம்மையும் டி.என்.ஏ. வைரஸ்கள். தட்டம்மையும் அம்மைக்கட்டும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள். சின்னம்மையும் பெரியம்மையும்கூட ஒரே குடும்பம் இல்லை. கொப்புளத்தைப் பார்த்து நாம் வைத்த பெயர்கள் இவை. உள்ளே இருப்பது வேறு வேறு ஆள்.

வைரஸ் எப்படி உட்கரு வரை போகிறது? வழி யார் காட்டுவது?

செல்லுக்குள் நம் டி.என்.ஏ. இருக்கும் அறைதான் உட்கரு. உதட்டில் காய்ச்சல் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸை எடுத்துக்கொள்வோம். இதைப் பற்றித்தான் நிறையத் தெரியும்.

அதன் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 1,52,000 எழுத்து இணைகள். நீட்டிப் பிடித்தால் 50 மைக்ரான் வரும். அதை அடைத்து வைத்திருக்கும் புரதப் பெட்டியின் குறுக்களவு 125 நானோமீட்டர். அதாவது பெட்டியைப் போல 400 மடங்கு நீளமுள்ள நூல் உள்ளே திணிக்கப்பட்டிருக்கிறது. சோடா பாட்டில் தோற்றுப்போகும் அளவுக்கு உள்ளே அழுத்தம்.

வைரஸின் வெளி உறை செல் சவ்வோடு ஒட்டிக் கலந்ததும் பெட்டி மட்டும் உள்ளே விழுகிறது. செல்லுக்குள் சரக்கு போய்வர நுண்குழல்கள் என்ற பாதைகள் உண்டு. அதில் உட்கருப் பக்கம் சுமை தூக்கிப்போகும் புரதத்துக்கு டைனீன் என்று பெயர். பெட்டி அந்த டைனீனில் தொற்றிக்கொள்கிறது. பஸ்ஸும் நம்முடையது, டிரைவரும் நம்மவர், டிக்கெட்கூட எடுப்பதில்லை. உதட்டோரத்து நரம்பு நுனியில் ஏறிய பெட்டி, முகத்து நரம்பு முடிச்சு வரை இப்படியேதான் போகிறது.

உட்கருவின் சுவரில் துளைகள் இருக்கின்றன. பெட்டி அதற்குள் நுழையாது, பெரிசு. துளையின் வாயில் வந்து உட்கார்ந்து, தன் ஒரு மூலையில் இருக்கும் வாசலைத் திறக்கிறது. உள்ளே அடைபட்டிருந்த அழுத்தமே டி.என்.ஏ.வைப் பீய்ச்சி உள்ளே அனுப்புகிறது. காலிப் பெட்டி வெளியே நிற்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களில் உட்கருவை ஒட்டி வெற்றுப் பெட்டிகள் நிற்பதைப் பார்க்கலாம். ஆள் உள்ளே போய்விட்டான், செருப்பு வாசலில் கிடக்கிறது.

உள்ளே போன பிறகு உடனே படியெடுக்க ஆரம்பித்துவிடுமா?

ஆரம்பிக்காது. நேராக வந்த இழையின் இரண்டு முனைகளும் முதலில் ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாகும். பிறகு மரபணுக்கள் மூன்று தவணையாக வேலை செய்யும். முதல் தவணை நம் செல்லின் காவலைச் சமாளிக்க. இரண்டாம் தவணையில் டி.என்.ஏ. படியெடுக்கும் நொதிகள். மூன்றாவதாகப் பெட்டி செய்யும் புரதங்கள். பெட்டியை முதலில் செய்துவைத்தால் அடைக்க டி.என்.ஏ. இருக்காதே.

இரண்டாம் தவணையில்தான் ஹெர்பிஸ் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறது. ஜெராக்ஸ் கடைக்குத் தாளோடு மட்டும் வராமல், அந்தத் தாளிலேயே ஒரு மெஷினின் வரைபடத்தையும் எழுதிக்கொண்டு வருகிறது. நம் செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம் அந்த வரைபடத்தைப் படித்து மெஷினைச் செய்து கொடுக்கிறது. அதன் டி.என்.ஏ. படியெடுப்புக்கு ஏழு வைரஸ் புரதங்கள் தேவை. தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்று, இழையைப் பிரிக்கவும் தொடக்கம் போடவும் மூன்று சேர்ந்த ஒரு கூட்டு, பிரிந்த இழை மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ள ஒன்று, பாலிமரேஸ் ஒன்று, பாலிமரேஸ் பாதியில் கழன்று விழாமல் கவ்விக்கொள்ள ஒன்று.

மைக்கும் ஏற்பாடு உண்டு. நம் உடம்பில் பிரிந்து பெருகும் செல்லில்தான் ஏ, டி, ஜி, சி எழுத்துகள் தாராளமாக இருக்கும். நரம்பு செல் பிரிவதே இல்லை, அங்கே எழுத்துப் பஞ்சம். அதனால் எழுத்துகளைத் தயாரிக்கும் தைமிடின் கைனேஸ் போன்ற நொதிகளையும் ஹெர்பிஸ் தானே செய்துகொள்கிறது. இந்தத் தைமிடின் கைனேஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே அதைக் காட்டிக்கொடுக்கும்.

உருளும் வளையம் என்கிறார்களே, அது என்ன?

வளையமாக இருக்கும் டி.என்.ஏ.வில் ஓர் இழையை ஓரிடத்தில் வெட்டி, அதன் நுனியிலிருந்து எழுத்துகளைக் கோத்துக்கொண்டே போனால் பழைய இழை உரிந்து வால் போல நீளும். வளையம் சுற்றிச் சுற்றி உருண்டுகொண்டே இருக்கும், வாலும் நீண்டுகொண்டே இருக்கும். அந்த வாலுக்கும் எதிரிழை எழுதப்படும். ஒரு சுற்றுக்கு ஒரு முழுப் பிரதி. பிரதிகள் தனித்தனியாக வராமல் தலையும் வாலும் ஒட்டிச் சரமாக வரும்.

வகுப்பில் இதற்கு நான் ஷாம்பு பாக்கெட் சரத்தைக் கொண்டுபோய்க் காட்டுவேன். பெட்டிக்கடையில் தொங்குமே, அதுதான். ஷாம்பைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டும்படி விற்கலாம் என்று காட்டிய சின்னிகிருஷ்ணன் கடலூர்க்காரர்தான், அதனால் உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. சரத்தில் பாக்கெட்டுக்குப் பாக்கெட் வெட்டுக்குறி இருக்கும். வைரஸ் டி.என்.ஏ. சரத்திலும் அதே மாதிரி குறிப்பிட்ட எழுத்து வரிசை உண்டு. டெர்மினேஸ் என்ற நொதி சரத்தின் ஒரு நுனியைக் காலிப் பெட்டியின் வாசலில் வைத்து ஆற்றல் செலவழித்து உள்ளே திணிக்கும். குறி வந்ததும் கிழிக்கும். அடுத்த பெட்டி.

போன வருஷம் ஒரு பெண் எழுந்து, "சார், கடைக்காரர் சில நேரம் குறி தவறிக் கிழித்து ஷாம்பு கொட்டிவிடுமே?" என்றாள். நல்ல கேள்வி. இங்கேயும் அரைகுறைப் பெட்டிகள் ஏராளமாக உருவாகின்றன. வைரஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு கிடையாது, எண்ணிக்கைதான். உருளும் வளையம் மட்டுமே முழுக்கதை என்றும் நினைக்க வேண்டாம். சரங்கள் ஒன்றோடொன்று பின்னி, துண்டுகளை மாற்றிக்கொள்வதும் கூடவே நடக்கிறது.

மரு ஏன் மாத்திரையில் போவதில்லை?

மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் ஹெர்பிஸுக்கு நேர் எதிர். அதன் டி.என்.ஏ. வெறும் 8,000 எழுத்துச் சொச்சம், சின்ன வளையம். பாலிமரேஸ் வைத்துக்கொள்ள அதற்குக் கட்டுப்படியாகாது. இழை பிரிக்கும் ஒரு புரதம், அதைச் சரியான இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கும் இன்னொரு புரதம், அவ்வளவுதான் முதலீடு. மற்றதெல்லாம் நம் செல்லின் மெஷின்.

இதில் அதற்கு ஒரு சிக்கல். தோலின் அடியடுக்கில்தான் செல்கள் பிரியும். மேலே ஏற ஏற அவை பிரிவதை நிறுத்தி, காய்ந்து, உதிரத் தயாராகிவிடும். அதாவது சாயங்காலம் கடைக்காரர் மெஷினை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கப் போகிறார். வைரஸ் என்ன செய்கிறது? மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. "இன்னும் நேரமாகவில்லை" என்று கடைக்காரரை நம்ப வைக்கிறது. செல் பிரிவதைத் தடுத்து வைத்திருக்கும் ஆர்.பி. என்ற புரதத்தை ஈ7 என்ற வைரஸ் புரதம் செயலிழக்கச் செய்கிறது. இப்படிக் கோளாறான செல்லைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும் பி53 என்ற காவல்காரனை ஈ6 புரதம் ஒழிக்கிறது. கடை விடிய விடியத் திறந்திருக்கிறது. தேவைக்கு மேல் தடித்து எழுந்த அந்தத் தோல்தான் மரு.

சாதாரண மருவில் இது இத்தோடு நின்றுவிடும். ஆனால் 200-க்கும் மேற்பட்ட வகைகளில் ஏறத்தாழ ஒரு டஜன் ஆபத்தானவை. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் உலகில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 70 சதவீதம் போலக் காரணம். இதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. பூட்டாமல் விட்ட கடைக்குள் பல வருஷம் கழித்து யார் யாரோ புகுந்துவிட்ட கதை அது.

மாத்திரை ஏன் இல்லை என்பது இப்போது தெரிந்திருக்கும். அந்த மெஷினை உடைத்தால் நம் மெஷின்தான் உடையும். அதனால்தான் இதற்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசி. வயதுக்கு வரும் பருவத்துப் பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

கோயிலில் உப்பும் மிளகும் போட்டால் மரு உதிரும் என்ற வழக்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மரு பெரும்பாலும் தானாகவே போய்விடும், நம் எதிர்ப்புச் சக்தி ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிடும். அதற்கு மாதங்கள் ஆகலாம், வருஷமும் ஆகலாம். உப்பு மிளகு போட்டவர் அந்த நாளைக் கோயில் கணக்கில் எழுதிக்கொள்கிறார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

பார்த்தால் ஒட்டாது. கை, கைக்குட்டை, தலையணை வழியாகத்தான் ஒட்டும். கூலிங் கிளாஸ் அழகுக்கு. இதற்குப் பெரும்பாலும் காரணம் அடினோ வைரஸ். சில தடவை ஆர்.என்.ஏ. வைரஸ்களாலும் வரும்.

இதன் படியெடுப்பு முறை எனக்கு மிகவும் பிடித்தது. பூ கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் பூவைக் கட்ட நூலுக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்று சிலர் கால் பெருவிரலில் நூலைச் சுற்றிக்கொள்வார்கள். பாலிமரேஸும் அப்படித்தான். வெறும் வெளியில் தொடங்கத் தெரியாது, ஏற்கெனவே ஒரு பிடிப்பு இருந்தால்தான் அடுத்த எழுத்தைக் கோக்கும். நம் செல்லில் சின்ன ஆர்.என்.ஏ. துண்டு ஒன்று அந்தப் பிடிப்பாக இருக்கிறது, வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள். எடுத்த இடத்தில், இழையின் கோடியில், கொஞ்சம் குறைந்துபோகும். நம் குரோமோசோம் முனைகள் தேய்வது இதனால்தான்.

அடினோவின் டி.என்.ஏ. நேரிழை, 36,000 எழுத்து. ஒவ்வொரு முறையும் முனை தேய்ந்தால் நாலு தலைமுறையில் காலி. எனவே அது பெருவிரலாக ஒரு புரதத்தையே வைத்துக்கொண்டது. முனைப் புரதம் என்று பெயர். அந்தப் புரதத்தின் மேலேயே முதல் எழுத்தான சி ஒட்டப்படுகிறது. அங்கிருந்து வைரஸின் சொந்தப் பாலிமரேஸ் ஒரே ஓட்டமாக மறுமுனை வரை போகிறது. பெருவிரலை எடுப்பதே இல்லை. புரதம் முனையிலேயே நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கும், எழுத்து ஒன்றுகூடக் குறையாது.

பெரியம்மை வைரஸ் உட்கருவுக்குள் போகவே போகாதாமே?

ஆமாம். அது வாசல் திண்ணையிலேயே கடை போட்டுவிடும். ஏறத்தாழ 200 மரபணுக்கள் கொண்ட பெரிய குடும்பம், டி.என்.ஏ. படியெடுக்கவும் அதிலிருந்து ஆர்.என்.ஏ. எழுதவும் எல்லா நொதிகளும் சொந்தம். உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் "தொழிற்சாலை" என்றே பெயரிட்ட திட்டுகளை உண்டாக்கி அங்கேயே முடித்துக்கொள்ளும். அறுபதைத் தாண்டியவர்களின் மேல்கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்குமே, அது இதே குடும்பத்து வாக்சினியா வைரஸை ஊசியால் குத்தியதால் வந்தது. என் அம்மாவின் கையில் இரண்டு உண்டு. இந்தியாவில் பெரியம்மை 1975-ல் முடிந்தது. உலகத்திலேயே இல்லை என்று 1980-ல் அறிவித்தார்கள்.

லேப்பிலிருந்து "எச்.பி.வி. பாசிட்டிவ்" என்றார்கள். கூகிளில் போட்டால் கர்ப்பப்பை என்று வருகிறது. ஆனால் எனக்குக் கர்ப்பப்பையே இல்லையே?

என் மச்சான் லாஸ்பேட்டையிலிருந்து போன் போட்டுக் கேட்ட கேள்வி இது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடு எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் எச்.பி.வி.தான். ஒன்று மேலே சொன்ன பாப்பிலோமா. இன்னொன்று ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்குவது. போனில் யாராவது சொன்னால் "கல்லீரல் வைரஸா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஹெபடைடிஸ் பி-யின் டி.என்.ஏ. 3,200 எழுத்துதான். மனிதனைத் தாக்கும் வைரஸ்களில் இவ்வளவு சிக்கனம் அபூர்வம். அதிலும் ஓர் இழை முழுசு, மற்றது அரைகுறை. உட்கருவுக்குள் நுழைந்ததும் நம் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் "ஐயோ, நம் டி.என்.ஏ. அறுந்து கிடக்கிறது" என்று நினைத்து அந்த ஓட்டையை அடைத்து முழு வளையமாக்கிக் கொடுக்கின்றன. திருடனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த மாதிரி.

அப்புறம் அது டி.என்.ஏ.வை நேராகப் படியெடுப்பதில்லை. முதலில் வளையத்திலிருந்து நீளமான ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது. அது சைட்டோபிளாசத்துக்கு வந்து பெட்டிக்குள் அடைபட்ட பிறகு, வைரஸின் சொந்த நொதி அதைப் பார்த்து மறுபடி டி.என்.ஏ.வாக எழுதுகிறது. எச்.ஐ.வி.யும் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுவதுதான். அதனால் டெனோஃபோவிர் என்ற ஒரே மருந்து இரண்டுக்கும் உதவுகிறது.

ஆனால் அந்த மருந்து நிறுத்துவது புதுப் பிரதியை. உட்கருவுக்குள் இருக்கும் மூல வளையத்தை அது தொடுவதில்லை. ரத்தத்தில் வைரல் லோடு கிட்டத்தட்டக் காணாமல் போனாலும் டாக்டர் "மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்று ஏன் சொல்கிறார் என்றால் இதனால்தான். மச்சான் ஒரே மாதத்தில் நிறுத்தப் பார்த்தார். அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

கீழாநெல்லி? 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்தவர்களில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஊரே கொண்டாடியது. பின்னால் வேறு இடங்களில் செய்துபார்த்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீரை கீரையாக இருக்கட்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடும் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

வைரஸை மட்டும் தாக்கும் மருந்து எப்படிச் சாத்தியம்? டி.என்.ஏ. நமக்கும் அதேதானே?

டி.என்.ஏ. அதேதான், மெஷின் வேறு. அசைக்ளோவிர் மாத்திரையைப் பாருங்கள். அது ஜி என்ற எழுத்தைப் போலவே இருக்கும், ஆனால் அடுத்த எழுத்தைக் கோக்க வேண்டிய கொக்கி அதில் இல்லை. சரத்தில் சேர்ந்தால் சரம் அங்கேயே நின்றுபோகும்.

அப்படியானால் நம் செல்லும் நின்றுபோகுமே? போகாது. மாத்திரை உள்ளே வரும்போது தூங்கிக்கொண்டு வருகிறது. அதற்கு மூன்று பாஸ்பேட் ஏற்றினால்தான் வேலை செய்யும். முதல் பாஸ்பேட்டை ஏற்றுவது ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ். பஞ்சத்துக்கு மை தயாரிக்க வைரஸ் கூடவே கொண்டுவந்த அதே நொதி! நம் நொதிகளுக்கு அந்த மாத்திரையை அவ்வளவாக அடையாளம் தெரியாது. ஆக, தொற்றில்லாத செல்லில் மாத்திரை தூங்கும், தொற்றிய செல்லில் வைரஸே அதைத் தட்டி எழுப்பும். இந்தப் பாதையைத் திறந்தவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல் நோபல் கிடைத்தது.

பாப்பிலோமாவிடம் இப்படித் தாக்க எதுவும் இல்லை. சொந்தமாக நிறைய வைத்திருப்பவனுக்குத்தான் திருட்டுப் பயம்.

ஆன்டிபயாடிக் இதில் எங்கேயும் உதவாது. அது பாக்டீரியாவின் மெஷினுக்கு.

நம் செல் சும்மாவா பார்த்துக்கொண்டிருக்கும்?

இல்லை. டி.என்.ஏ. உட்கருவில்தான் இருக்க வேண்டும், சைட்டோபிளாசத்தில் இருந்தால் எவனோ புகுந்திருக்கிறான் என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் சீகேஸ் என்ற புரதம் மணியடிக்கும், இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் கிளம்பும். திண்ணையில் கடை போடும் வாக்சினியா இந்த மணிச்சத்தத்தையே அறுக்கும் நொதி வைத்திருக்கிறது. பிரியாத செல்களில் ஏ, டி, ஜி, சி எழுத்துகளை வைரஸுக்குக் கிடைக்காமல் சிதைத்துவிடும் நொதியும் நம்மிடம் உண்டு. மையை ஒளித்துவைக்கும் கடைக்காரர்.

அக்கியும் சின்னம்மையும் ஒன்றா? அக்கி எழுதலாமா?

ஒரே வைரஸ், ஹெர்பிஸ் குடும்பம், 1,25,000 எழுத்து. சின்னம்மை இறங்கி, வேப்பிலைத் தண்ணீர் தலைக்கு ஊற்றி, எல்லாம் முடிந்த பிறகும் வைரஸ் டி.என்.ஏ. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் வளையமாகச் சுருண்டு கிடக்கும். அங்கே படியெடுப்பு நடப்பதில்லை. படியெடுப்பு இல்லாததால் பாலிமரேஸைத் தடுக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது. முப்பது நாற்பது வருஷம் கழித்து, வயதாகும்போது அல்லது எதிர்ப்புச் சக்தி தளரும்போது, ஒரு முடிச்சில் மட்டும் விழித்து அந்த நரம்பு போகும் பாதையிலேயே இறங்கும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருகிறது.

என் பெரியப்பாவுக்கு இடது விலாவில் வந்தது. வண்டிப்பாளையம் போய் மண்பாண்டம் செய்கிறவரிடம் செங்காவியில் அக்கி எழுதிக்கொண்டார். குளிர்ச்சியாக இருந்தது என்றார், நம்புகிறேன். ஆனால் அசைக்ளோவிர் வகை மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். அதற்குள்தான் படியெடுப்பு மும்முரமாக நடக்கிறது. பெரியப்பா நாலாம் நாள் டாக்டரிடம் போனார். காவி அழிந்து மாதங்கள் ஆகியும் சட்டை உரசினால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கி எழுதுவதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில்.

டி.என்.ஏ. வைரஸ் ஏன் கொரோனா மாதிரி அடிக்கடி உருமாறுவதில்லை?

பாலிமரேஸ் எழுதியதைத் திரும்பப் பார்த்துத் தப்பெழுத்தை அழிக்கும். நம் பாலிமரேஸும் செய்யும், ஹெர்பிஸின் பாலிமரேஸும் செய்யும். பெரும்பாலான ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கொரோனாவுக்குக் கொஞ்சம் உண்டு, ஆனால் அது தொற்றிய ஆட்களின் எண்ணிக்கைக்கு அந்தக் கொஞ்சம் போதவில்லை.

இதெல்லாம் நீட் தேர்வில் வருமா சார்?

ஹெலிகேஸ், பாலிமரேஸ், ஒகசாகி துண்டு (ஓர் இழையைத் துண்டு துண்டாக எழுதும்போது வருவது) வரும். ஷாம்பு பாக்கெட் வராது.

அம்மை போட்ட பையனை டியூஷனுக்கு எப்போது அனுப்பலாம்?

கொப்புளம் எல்லாமே காய்ந்து பொருக்கு தட்டிய பிறகு. சாதாரணமாக ஒரு வாரம் ஆகும். புதுக் கொப்புளம் ஒன்று ஈரமாக இருந்தாலும் அதற்குள் வைரஸ் இருக்கிறது. இன்னொன்று, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்தே அது பரவ ஆரம்பித்துவிடும். அதனால் செவ்வாய்க்கிழமை அம்மை கண்ட பையன், திங்கட்கிழமை சாயங்காலம் ஜன்னலோர பெஞ்சில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து ஒகசாகி துண்டு வரைந்துகொண்டிருந்தான் என்பதை அந்த இரண்டு பேர் வீட்டிலும் போன் செய்து சொல்லிவிட்டேன். அறிகுறி தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடனே டாக்டரிடம் கேளுங்கள். நோட்ஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.